ஐந்தாம் தெரு வாய்க்காலும் ஒரு மேடை விவாதமும்

குடியிருப்போர் சங்கத் தலைவர் தேர்தலுக்கு விவாதம் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஆனையூரில் எங்கள் நகரில் அறுபத்தொரு வீடுகள். வீட்டுக்கு ஒரு ஓட்டு. நான் சங்கத்தின் செயலாளர். அந்த வாரம் டிவியில் ஏதோ ஒரு நாட்டின் ஜனாதிபதி வேட்பாளர்கள் இருவர் எதிரெதிரே நின்று வாதிட்டதைப் பார்த்திருந்தேன். முடிந்ததும் யார் ஜெயித்தார் என்று நான்கு பேர் உட்கார்ந்து அலசினார்கள். அதைக் கேட்டு யாராவது ஓட்டை மாற்றிப் போடுவார்களா என்பதை மட்டும் ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. நாமே பார்த்துவிடலாமே என்று நினைத்தேன்.

அது மட்டுமே காரணம் என்றால் பொய். போட்டியிட்ட இருவரில் ஒருவர் ஐந்தாம் தெருவின் கடைசி வீட்டு அக்கா. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அதே ஆஸ்பத்திரியின் லேப்பில் வேலை பார்க்கிறேன். தினமும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம். அவர் வீடு நகரிலேயே பள்ளமான இடத்தில் இருக்கிறது. கண்மாயிலிருந்து வரும் வாய்க்கால் மண்மேவிக் கிடப்பதால், போன ஐப்பசி மழையில் தண்ணீர் அவர் வீட்டுக்குள் கட்டில் கால் மூழ்கும்வரை ஏறியது. பக்கவாதத்தில் படுத்த கணவரைச் சாப்பாட்டு மேசைமேல் தூக்கி வைத்தோம். நானும் ஒரு காலைப் பிடித்தேன். "எழுமலைப் பக்கம் மழைக்கு ஏங்கி வளந்தவ நான். இப்ப வானம் கறுத்தாலே கட்டில் காலுக்குச் செங்கல் தேடுறேன்" என்றார் அக்கா. அடுத்த மழைக்கு முன் வாய்க்காலைத் தோண்ட வேண்டும், அதற்காகத்தான் நின்றார்.

எதிரே நின்றவர் ஆறு வருடமாகத் தலைவராக இருந்த அண்ணன். பேரையூர்க்காரர், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. "பாத்துக்குவோம்" என்ற ஒரே சொல்லில் ஆறு வருடத்தை ஓட்டியவர். அவருக்கு மேடையில் பேச வராது என்பது எனக்குத் தெரியும். செயலாளர் இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். நான் இல்லை.

விவாதத்துக்கு முந்தைய வாரம் எல்லா வீட்டுக்கும் போய் யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்டு டைரியில் மூன்று பத்தியாக எழுதினேன். அக்காவுக்குப் பதினேழு. அண்ணனுக்கு இருபத்திரண்டு. "பாப்போம்" என்றவர்கள் இருபத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் சாமியானா போட்டு, இரண்டு மேசை, இரண்டு மைக் வைத்தோம். ஆளுக்கு ஐந்து நிமிடம், பிறகு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கலாம். நேரம் பார்த்தது நான். அக்கா ஒரு சார்ட் கொண்டுவந்திருந்தார். எந்தத் தெரு எவ்வளவு பள்ளம், எங்கே மண் அடைத்திருக்கிறது, எந்த ஆபீஸில் எந்த மனு கிடக்கிறது, எல்லாம் அதில் இருந்தன. பேசி முடித்துவிட்டு, "அண்ணே, மூணே கேள்வி" என்றார். "வாய்க்கால் எந்த ஆபீஸ் கட்டுப்பாட்டுல இருக்கு? கடைசியா எப்பத் தோண்டுனாங்க? நீங்க எத்தனை மனு குடுத்தீங்க?"

அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். "எனக்கு அம்புட்டு விவரமாப் பேச வராது தாயி. தண்ணி வந்தா நான் வாரேன். போன தடவ மோட்டார் கொண்டாந்தது யாரு?" என்றார்.

"தண்ணி வந்தப்புறம் மோட்டார் எதுக்குண்ணே? வராம இருக்கத்தான கேக்குறேன்."

கைதட்டல் சாமியானாவைத் தாண்டிக் கேட்டது. பின்வரிசையில் ஒருவர், "மாப்ள, தலைவருக்கு ஒரு சோடா ஒடைங்கடா" என்று கத்த, அண்ணனின் சொந்தக்காரர்களே சிரித்தார்கள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்ப எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்டேன். அக்காவுக்கு முப்பத்தைந்து. அண்ணனுக்குப் பதினைந்து. பாப்போம் பதினொன்று. கூட்டிப் பார்த்தேன், அறுபத்தொன்று சரியாக வந்தது. பச்சை மையில் அடிக்கோடு போட்டேன்.

புதன்கிழமை பஸ்ஸில் அக்கா கேட்டார். "வீடு வீடாப் போயி ஒரு தடவ கேட்டுட்டு வந்துரவா? லீவு கூடச் சொல்லிட்டேன்."

"எதுக்குக்கா? சபையில அம்புட்டுத் தெளிவாப் பேசிட்டு வாசல் வாசலாப் போயிக் கும்பிட்டா நல்லாவா இருக்கும்? பேசினதே போதும்" என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். "நீ சொன்னாச் சரிதான்" என்று லீவை ரத்து செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். இரண்டாம் தெருவில் அண்ணனும் அவர் மனைவியும் ஒரு வீட்டிலிருந்து இறங்கி அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி பட்டுச்சேலை கட்டிக் கையில் குங்குமச்சிமிழ் வைத்திருந்தார், கல்யாணத்துக்கு அழைக்கப் போகிற மாதிரி. ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்கள். துணியை எடுத்துவிட்டு இறங்கினேன். மறுபடி ஏறினேன். நான்காம் தெரு. விவாதத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவர் வீட்டில் பதினெட்டு நிமிடம் இருந்தார்கள். கீழே வந்து டைரியைப் புரட்டி, மறுபடி கூட்டினேன். அறுபத்தொன்றுதான். ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். "அன்னைக்குச் சரியாப் பேசல தாயி, மனசுல வச்சுக்காத" என்றார் அண்ணன். அவர் மனைவி எனக்குக் குங்குமம் கொடுத்தார். "ஒங்க ஓட்டு எங்களுக்கு இல்லைன்னு தெரியும். அதுக்காக வராம இருக்க முடியுமா?" என்று சிரித்தார். நான் காபி போட்டேன். சர்க்கரை இரண்டு முறை போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் பெட்டியைத் திறந்து நானே எண்ணினேன். அண்ணனுக்கு முப்பத்தாறு. அக்காவுக்கு இருபத்துநான்கு. ஒன்று செல்லாது. மறுபடி எண்ணச் சொன்னதும் நான்தான். மாறவில்லை. அக்கா எழுந்து அண்ணனுக்குக் கையெடுத்துக் கும்பிட்டு, "வீட்டுல அவருக்கு மருந்து குடுக்கணும்" என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

நான்காம் தெருக்காரரை அன்றே வழிமறித்துக் கேட்டேன். யாருக்குப் போட்டார் என்று கேட்கக் கூடாது, தெரியும். என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன்.

"பேச்சு அருமையான பேச்சும்மா. இப்பவும் சொல்லுவேன். ஆனா எங்க வீட்டுல என்ன சொன்னா தெரியுமா? 'அம்புட்டுப் பேசுன பொம்பளைக்கு நம்ம படியேறி ஒரு வார்த்தை கேக்கத் தோணலையே'ன்னா. அந்தாளு பொண்டாட்டியோட வந்து குங்குமம் குடுத்துக் கேட்டுட்டாரு. கேட்டவங்களுக்குப் போடலைன்னா மொகத்துல எப்படி முழிக்கிறது?"

"நான் கேட்டப்போ அக்காவுக்குன்னு சொன்னீங்களே?"

"நீ அந்தப் பிள்ளையோட ஒரே பஸ்ஸுல போறவ. ஒங்கிட்ட வேற என்ன சொல்லுவாக?"

வீட்டுக்கு வந்து அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்துக்காகச் சொன்னதையெல்லாம் ஓட்டென்று எழுதி வைத்திருந்தேன். லேப்பில் பெயர் ஒட்டாத குழாயைத் தொடமாட்டேன். இங்கே எதன்மேல் என்ன பெயரை ஒட்டினேன் என்றே தெரியவில்லை. விவாதம் ஒரு ஓட்டையாவது மாற்றியதா? பதினேழு இருபத்துநான்கானது. அந்த ஏழு மேடையில் வந்ததா, முதலில் கேட்டபோதே என்னிடம் மறைத்ததா? சொல்ல முடியாது. அக்காவை வாசல் ஏறவிடாமல் நிறுத்தியது எது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

திங்கள்கிழமை பஸ்ஸில் டைரிக் கணக்கையும் சேர்த்து அதைச் சொல்லிவிட்டேன். "என்னாலதான்க்கா."

அக்கா டிக்கெட்டை மடித்துப் பர்ஸில் வைத்தார். "எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. ஒவ்வொரு வாசலாப் போயி நிக்கக் கூச்சம். நீ வேணாம்னு சொன்னதும் ஒத்துக்கிட்டேன்" என்றார். பிறகு, "தலைவர் யாரா வேணாலும் இருக்கட்டும். தண்ணி என் வீட்டுக்குத்தான வரும்? எல்லா வீட்டுக் கையெழுத்தோட மனு குடுக்கணும். சாயங்காலம் வா. அந்த டைரியை வீட்டுலயே வச்சுட்டு வா" என்றார்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். கண்மாய்ப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. அக்கா புதுச்சேலை கட்டியிருந்தார், ஒரு கையில் மனு, இன்னொரு கையில் குங்குமச்சிமிழ். முதலில் நான்காம் தெருவுக்குப் போவோம் என்று நினைத்தேன். அக்கா நேராகத் தலைவர் வீட்டு கேட்டைத் திறந்தார். சத்தம் கேட்டு அண்ணனின் மனைவி வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"வாங்க வாங்க. ஆறு வருசமா ஒரே நகருல இருக்கோம், இப்பத்தான் எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதாக்கும்?"

அக்கா செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். ஒரு துளி என் புறங்கையில் விழுந்தது. உள்ளே போனோம்.