வலத்து மாடு

என் அப்பாவுக்கு மாடு பார்க்கத் தெரியும் என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். அந்தப் பெருமைதான் என் அண்ணனைத் தின்றது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

எங்களுக்கு இருந்தது ஆற்றை ஒட்டிக் கொஞ்சம் நிலம், ஒரு கலப்பை, ஒரு ஜோடி மாடு. ஜோடியில் ஒன்று நுகத்தடியின் இடப்பக்கம் பூட்டிப் பழகியது, மற்றது வலப்பக்கம். இளங்காளையாக இருக்கும்போதே அப்படிப் பழக்கிவிடுவார்கள். பிறகு லேசில் மாறாது. தண்ணீர் குடிக்கப் போனால்கூட எங்கள் இடத்து மாடு வலப்பக்கம் ஒரு மாட்டுக்கு இடம் விட்டுத்தான் நிற்கும்.

அண்ணன் விடியும் முன்பே எழுந்து தொழுவத்தைக் கூட்டுவான். சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, புல் போட்டுவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவான். எவ்வளவு தேய்த்தாலும் அவன் சட்டையில் தொழுவ வாசனை போகாது. பையன்கள் மூக்கைப் பொத்தினால், "சளி பிடிச்சிருக்கா? பாவம், போய்ப் படுங்க" என்பான். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அது கடைசி வகுப்பு. பரீட்சை தேறினால் ரயில் பட்டறையில் வேலை பழகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

"ரயில்ல அப்படி என்ன இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"அதுக்குப் புல்லு அறுக்க வேண்டாம்மா. சாணியும் போடாது" என்றான்.

அந்த வருஷம் முதல் மழை பெய்து நிலம் பதமாக இருந்த சமயம், எங்கள் வலத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் கிணற்றுத் தோட்டத்து இளஞ்சோளத்துக்குள் புகுந்துவிட்டது. குருத்தாக இருக்கும் சோளம் மாட்டுக்கு நஞ்சு. உச்சி வெயிலுக்குள் வயிறு உப்பிச் செத்தது. ஈரம் யாருக்காகவும் காத்திருக்காது. அப்பா மறுநாளே கொட்டும் மழையில் சந்தைக்குப் போய் ஒரு மாட்டோடு திரும்பினார்.

"மாரைப் பாரு! குளம்பைப் பாரு! பல்லு ஒண்ணொண்ணா எண்ணிப் பாத்துத்தான் பிடிச்சிட்டு வந்தேன்" என்றார்.

காலையில் அதை வலப்பக்கம் பூட்டினார். அது நுகத்தடிக்கு அடியில் புகுந்து இடப்பக்கம் வரப் பார்த்தது. இழுத்து நிறுத்தினால் பின்னால் போயிற்று. அடித்தால் பழைய மாட்டின் மேலேயே ஏறப் போயிற்று. கலப்பை கவிழ்ந்தது. அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது.

"என்னங்க, இது எந்தப் பக்கம் பழகினதுன்னு கேட்டீங்களா?"

"கொட்டற மழையில யாரு நின்னு கேக்கறது?"

"பல்லை மட்டும் மழையில எண்ண முடிஞ்சுதாக்கும்."

இரண்டுமே இடத்து மாடுகள். சந்தைக்கு முதல் தடவை போகிற ஆள்கூடக் கேட்டிருப்பான். அடுத்த சந்தையில் மாற்றிவிடலாம் என்று அம்மா சொன்னாள்.

"நான் ஏமாந்த கதையைச் சந்தை முழுக்கத் தம்பட்டம் அடிக்கணுமா? பழக்கிடலாம்" என்றார் அப்பா. பிறகு அண்ணனைப் பார்த்தார். "பெரியவனே, மூக்கணாங்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அது முன்னால நட. உழவு முடியற வரைக்கும்தான்."

அம்மா அந்த மாட்டுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். வந்ததிலிருந்து தின்பதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை என்பதால். நாங்கள் சிரித்தோம். அப்போது அண்ணனும் சிரித்தான்.

அவன் காலையிலிருந்து இருட்டும்வரை சேற்றில் முன்னால் நடந்தான். மாடு முட்டியது, காலை மிதித்தது. கயிறு உராய்ந்து உள்ளங்கை கிழிந்தது. சாப்பிடும்போது என்னைக் கணக்குக் கேட்கச் சொல்வான். நான் கேட்டு முடிப்பதற்குள் தட்டில் கையை வைத்தபடியே தூங்கிவிடுவான். வாத்தியார் வீடு தேடி வந்து, "உழவு முடிஞ்சதும் அனுப்பிடுங்க. பரீட்சைக்கு அவன் பேரைச் சேர்த்திருக்கேன்" என்று சொல்லிப் போனார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நடந்தான்.

மாடும் பழகியது. முரண்டு போய், நுகத்தடியில் தானாக வந்து வலப்பக்கம் நின்றது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சொன்னேன்ல? நான் பாத்து வாங்கின மாடு! நாளையிலருந்து நீ பள்ளிக்கூடம் போடா" என்றார்.

மறுநாள் அண்ணன் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். வரப்பு வழியாகப் போனோம். அப்பா கலப்பையைப் பிடித்துக்கொண்டு மாட்டை அதட்டுவது கேட்டது. திரும்பத் திரும்பக் கேட்டதால் நின்று பார்த்தோம். மாப்பிள்ளை தன் இடத்தில்தான் நின்றது. ஆனால் அடி எடுத்து வைக்கவில்லை. அப்பா வாலை முறுக்கினார். தடியால் அடித்தார். முதுகுத் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. அது கண்ணை மூடிக்கொண்டு அடி வாங்கியது. முன்னால் வெறும் நிலம் இருந்தால் அதற்கு நடக்கத் தெரியவில்லை. அண்ணன் முதுகைப் பார்த்து நடக்கத்தான் அதைப் பழக்கியிருந்தோம்.

நான் அவன் கையை இழுத்தேன். "வாண்ணா, மணி அடிச்சிடுவாங்க."

அவன் என் கையை விடுவித்துவிட்டு வயலில் இறங்கினான். நல்ல சட்டையோடுதான் இறங்கினான். முன்னால் போய் நின்றதும் மாடு நடந்தது. அப்பா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று அம்மா போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. "அதை வித்துத் தொலைங்க! என் பிள்ளையை விட்டுடுங்க!"

"இவ்வளவு பாடுபட்டுப் பழக்கினப்புறம் விக்கச் சொல்றியா?" என்றார் அப்பா. எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும் பேச்சு அது.

விதைப்பு வந்தது. விதைப்பு முடிவதற்குள் பரீட்சையும் வந்து போயிற்று. வாத்தியார் ஆள் அனுப்பிக் கேட்டார், பிறகு விட்டுவிட்டார். அடுத்த வருஷமும் உழவு இருந்தது. வேறு ஆளை முன்னால் நடக்கவிட்டுப் பார்த்தோம், என்னைக்கூட. அது முகர்ந்து பார்த்துவிட்டு நின்றுவிடும். அண்ணனின் நீண்ட வாய் எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. மாட்டோடு நடக்கிறவனுக்குப் பேச என்ன இருக்கிறது? அவனுக்கு மீசை வந்தது, தோள் சாய்ந்தது, திரும்பிப் பார்க்காமலே மாடு எங்கே வருகிறது என்று தெரிந்தது. ஒரு நாள்கூட அவன் அதை அடித்ததில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை நல்ல ஆயுசு வாழ்ந்து, கிழடு தட்டி, ஒரு கோடையில் தொழுவத்திலேயே செத்தது. அண்ணனே குழி வெட்டினான். அதற்குள் அப்பாவும் தளர்ந்திருந்தார். சந்தைக்குப் போய் ஒரு மாடு பிடித்து வந்தார். இந்தத் தடவை பக்கம் கேட்டு, அங்கேயே பூட்டி நடத்திப் பார்த்து வாங்கியிருந்தார். எங்கள் வயலிலும் அது முன்னால் யாரும் இல்லாமலே நேராக உழுதது. அப்பா சால் முடிந்து திரும்பி வந்தார். வரப்பில் நின்றுகொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார்.

"இனிமே நீ போலாம்டா" என்றார்.

அண்ணன் அவரையே பார்த்தான்.

"எங்கேப்பா?" என்றான்.

குத்திக் காட்டுகிறான் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவன் தெரியாமல்தான் கேட்டான்.