முதலில் படிக்க வேண்டியது

காக்கித் தாள் அட்டை போட்ட ஒண்ணாம் வகுப்புப் பாடப் புத்தகம் ஒன்று என் மேசையில் இருக்கிறது. எழுதியவர், பள்ளிகளை மேற்பார்வையிட்ட எங்கள் டெபுடி இன்ஸ்பெக்டர். ஐம்பதுகளில், கிருஷ்ணகிரியில் ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டம் எழுதிய குழுவுக்கு அவர்தான் தலைவர். நான் பட்டணத்தில் படித்த மிடுக்கோடு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் நாளே தடிதடியாகச் சில ஆங்கிலப் புத்தகங்களைக் கொடுத்து, அவற்றின் மேல் இதை வைத்தார். "மொதல்ல இதப் படிங்கம்மா. மத்ததெல்லாம் அப்புறம்."

ஓரமெல்லாம் சிவப்புப் பென்சில். முதல் பாடத்தில் வீட்டின் படம். பக்கத்தில் அவர் கையெழுத்து: 'உத்தனப்பள்ளியில் ஒரு சிறுமி இல்லு என்றாள். தப்பு என்று போட்டேன்.' இல்லு என்றால் தெலுங்கில் வீடு; அந்த வட்டாரத்தில் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். புத்தகமோ, பிள்ளைகள் தமிழோடுதான் பள்ளிக்கு வருவார்கள் என்று நம்பி எழுதப்பட்டது. தேர்ச்சி பெறாமல் ஒண்ணாம் வகுப்பிலேயே நிறுத்தப்பட்ட அந்தச் சிறுமியை அப்பா ஆடு மேய்க்க அனுப்பிவிட்டாராம். "எங்க வூட்லயும் தெலுங்குதாம்மா. அவ சொன்னது எனக்கு வெளங்குச்சு. வெளங்கியும் தப்புன்னு போட்டேன்" என்றார்.

பாடம் எழுதப் புதிய ஆசிரியர்கள் வரவிருந்தார்கள். அவர்கள் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலை நான்தான் டைப் அடித்தேன். இதை மட்டும் விட்டுவிட்டேன். பெரிய மனிதர், புதியவர்கள் முன்னால் தலைகுனிய வேண்டாமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், ஆங்கிலத் தலைப்புகளுக்கு நடுவே ஒண்ணாம் வகுப்புப் புத்தகத்தைப் போட எனக்குக் கூச்சம். பட்டியல் தபாலில் போன பிறகுதான் அவர் நகலைப் பார்த்தார்.

"என்னுது எங்கம்மா?"

அவர் கௌரவத்துக்காகத்தான் விட்டேன் என்றேன்.

"அவமானம் என்னோடதுதானே? அத நான் பாத்துக்க மாட்டேனா?"

சில வாரங்களில் அவருக்கு மாற்றல் வந்தது. போகும்போது புத்தகத்தை என்னிடமே விட்டுப் போனார். வந்த ஆசிரியர்கள் ஆங்கிலப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்துவிட்டு முதல் பாடம் எழுதினார்கள். மறுபடியும் வீட்டின் படம், அதே நம்பிக்கை. நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்தப் புத்தகத்தை ஏன் மறைத்தேன் என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டேன். அடுத்த ஆண்டு உத்தனப்பள்ளிக்குப் போனேன். நிறுத்தப்பட்ட பிள்ளைகள் தம்மைவிடச் சின்னவர்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். என்னால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை.

நேற்று, பாடத்திட்டப் பணியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, எதைப் படித்துவிட்டுத் தொடங்கலாம் என்று கேட்டு வந்தாள். காக்கி அட்டைப் புத்தகத்தை எடுத்து வைத்தேன். பிறகு, நாங்கள் அச்சிட்ட புத்தகத்தையும் அலமாரியிலிருந்து எடுத்தேன். வீட்டின் படத்துக்குப் பக்கத்தில் இத்தனை வருஷமும் ஓரம் வெள்ளையாகவே இருந்தது. சிவப்புப் பென்சிலைத் தேடியெடுத்து எழுதினேன்: 'எனக்குத் தெரியும். சொல்லவில்லை.'

அதை மேலே வைத்து, "முதலில் இது" என்றேன்.