மகள் இன்னும் பைலட் ஆகவில்லை

காலை ஒன்பது நாற்பதுக்கு எங்கள் பத்திரிகை அலுவலக வாசலில் முதலில் கண்ணில் பட்டது, அவர் கையில் நான்காக மடிந்திருந்த என் செய்திதான்: 'ஹெலிகாப்டர் ஓட்டும் குமரிப் பெண்'. அவர் ரப்பர் தோட்டத்தை விற்று மகளை வெளிநாட்டில் ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்கவைத்த நெய்யூர்க்காரர். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்த பிறகே பேசினார்.

"சாரே, அந்த நாட்டு லைசென்ஸ வச்சு இங்க பறக்க ஒக்காது. பரீட்சை எழுதி மாத்தணும். சர்ச்சில எல்லாரும் 'எங்கள எப்பம் ஏத்திட்டுப் போவா?'ன்னு கேக்காவ. பிள்ள வெக்கப்பட்டு ஆராதனைக்கே வரமாட்டேங்கா. ஒரு திருத்தம் போடுங்க. நீங்க பேட்டி எடுத்த அன்னைக்கே சொன்னேன்லா?"

சொல்லியிருந்தார். செய்தி சப்பென்று ஆகிவிடும் என்று அந்த வரியை வெட்டியவன் நான்.

"இடம் போதாமல் போயிருக்கும்" என்றேன்.

"அதுக்கென்ன சாரே, உங்களுக்கும் ஆயிரம் ஜோலி" என்று என்னைத் தேற்றினார்.

திருத்தத்தை நான் எழுதிக் கொடுக்கவில்லை.