மெழுகு பூசிய ஐம்பது ரவைகள்

நோர்வேயில் நாங்கள் வசிக்கும் ஊரின் பள்ளிக்கூட நிலக்கீழ் அறையில், செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் கைத்துப்பாக்கி பழகுவார்கள். பக்கத்து அறையில் பெற்றோர் வாஃபல் சுடுவார்கள். வெடிமருந்தும் வெண்ணெயும் ஒரே நடையில் கலந்து மணக்கும். ஒருவரும் அதைப் புதினமாக எடுப்பதில்லை. என் மகள் வதனியும் அங்கே கடதாசி இலக்குகளைச் சுட்டாள். பெற்றோர் சம்பளமில்லாமல் செய்து கொடுக்கும் பங்குவேலைக்கு இங்கே டுக்னாட் என்று பெயர். புதுவருடத்துக்குப் பிறகு எனக்கு வந்த டுக்னாட், பயிற்சியாளர் தூரிட் அலுமாரியைத் திறந்து தரும் ரவைகளை ஆளுக்கு ஐம்பதாகத் துளைப்பலகையில் அடுக்கி வைப்பது. மட்டக்களப்பில் பதினைந்து வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவன் நான். வீதியில் கிடந்த வெற்றுக் கோதுகளை எண்ணிக் குறித்திருக்கிறேன், ஒன்றையும் தொட்டதில்லை.

வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. அப்போதுதான் வதனியின் துப்பாக்கி சிக்கத் தொடங்கியது. பென்சில் துண்டளவான அந்த ரவை, அடிவிளிம்பில் அடி விழுந்தால் வெடிப்பது. ஒன்று வெடித்ததும், ரவைகள் நிரப்பிய மகசினிலிருந்து அடுத்தது எழும்பிக் குழலுக்குள் போக வேண்டும். அவளுடையது குழல் வாயில் மூக்கை முட்டிச் சரிந்து நின்றது. வருகிற சனிக்கிழமை மாவட்ட அணிக்கான தெரிவு. ஒருமுறை சிக்கினால் திருப்பிச் சுட விடுவார்கள். இரண்டாம் முறைக்கு இடமில்லை. இரண்டு வருடம் அவள் பழகியது அந்த ஒரு நாளுக்காக.

துப்பாக்கி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. குறிப்பெடுக்கத் தெரியும். எந்த மகசின், எத்தனையாவது ரவை, எத்தனை மணி என்று கொப்பியில் எழுதினேன். தூரிட் முதலில் மகசினின் உதடுகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு சுருள்வில்லை மாற்றினார். குழல் வாயைத் தூரிகையால் தேய்த்துக் கரியெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு வதனி சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் பிறகும் சிக்கியது. கடைசியில் அதே துப்பாக்கியை இன்னொரு பிள்ளையிடம், அந்தப் பிள்ளையின் இருபது ரவைகளோடு கொடுத்தார். இருபதும் தடங்கலில்லாமல் போயின. வதனியின் பலகையிலிருந்து ஐந்து எடுத்துப் போட்டார். இரண்டாவதே நின்றது.

ரவைகள் ஒரே பெட்டியில் வந்தவை. அடுக்கியவனும் ஒருவன்தான். கொப்பியின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். முதல் சிக்கல் நடந்த நாள், நான் இந்த வேலையை ஏற்ற நாள்.

செட்டிபாளையத்திலிருந்து பட்டினத்துக்கு நான் சைக்கிளில் போய்வந்த காலத்தில், வழியில் இருந்த இராணுவச் சென்றியில், துப்பாக்கி எண்ணெய் மணக்கிறதா என்று கையை மணந்து பார்ப்பார்கள். ஒருநாள் செயின் கழன்று, பூட்டிவிட்டு எண்ணெய்க் கையோடு போய்விட்டேன். அது எந்த எண்ணெய் என்று விளங்கப்படுத்த அரைநாள் வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. சைக்கிள் பாரில் பத்து வயது வதனி இருந்தாள். அதன்பிறகு ஊரில் பலரைப் போல நானும் சட்டைப்பையில் சீலைத்துண்டும் மணம் போக்கப் பாதித் தேசிக்காயும் இல்லாமல் வெளிக்கிட்டதில்லை. கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு சில வாரங்கள் ஒருவரும் ஒருவர் கையையும் மணக்கவில்லை. சென்றியில் நின்றவர்களும் நாங்களும் சேர்ந்து தூக்கியவற்றின் மணம் எல்லார் கையிலும் ஒன்றாகத்தான் இருந்தது. பிறகு பழையபடி மணந்தார்கள். அடுத்த வருடம் நாங்கள் வெளிக்கிட்டோம். தேசிக்காயை விட்டுவிட்டேன். சீலைத்துண்டு கூடவே வந்துவிட்டது.

தூரிட் ஒரு ரவையை விரலிடையில் உருட்டி "தொர்" என்றார். காய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். ஈயமுனை வழுக்கிக்கொண்டு உள்ளே போகத்தான் அதில் மெல்லிய மெழுகு பூசுகிறார்களாம். பிசுபிசுவென்று இருந்த அதை, என் பிள்ளையின் விரலில் ஒட்டக்கூடாதென்று, அவளுடைய ஐம்பதையும் அந்தச் சீலைத்துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தவன் நான். மற்றப் பிள்ளைகளுடையதைத் துடைக்க எனக்குத் தோன்றவேயில்லை. நான்தான் செய்தேன், சுத்தமாக இருக்கட்டுமென்று, என்றேன். தன் அம்மாவும் இப்படித்தான், கரண்டியைக்கூட இரண்டு தரம் துடைப்பார் என்று தூரிட் சிரித்தார். அதற்குமேல் விளங்கப்படுத்த என்னுடைய நோர்வே மொழி போதாது.

வதனி சிரிக்கவில்லை. என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"அப்பா, இஞ்ச ஒருத்தரும் கைய மணந்து பாக்கமாட்டாங்க."

"தெரியும் மனே."

"தெரிஞ்சா அந்தச் சீலைய என்னட்டத் தாங்க. சனிக்கிழமை நீங்கதான் அடுக்கணும். வேற ஆள் வேணாம்."

கொடுத்தேன். சனிக்கிழமை, போட்டிக்குரிய அறுபதையும் வெறுங்கையால் அடுக்கினேன். ஒவ்வொன்றும் விரலில் கொஞ்சம் மெழுகை விட்டுப் பலகைக்குள் இறங்கியது. அறுபது வேட்டிலும் ஒன்றுகூடச் சிக்கவில்லை. அணியின் நாலு இடத்தில் கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது. என்னிடம் வந்து, பார்த்தீங்களா என்பதுபோல இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். அவள் விரலும் மினுங்கியது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே செட்டிபாளையத்திலிருந்து அக்காவின் அழைப்பு. போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்கிறதாம். வீதியில் வெடி கொளுத்துகிறார்களாம். அவள் கதவைச் சாத்திவிட்டு இருக்கிறாளாம். பிள்ளை என்ன செய்கிறாள் என்று கேட்டாள். விளையாட்டுப் போட்டியில் தெரிவாகியிருக்கிறாள் என்றேன். என்ன விளையாட்டு என்று அக்கா கேட்கவில்லை. இடக்கையால்தான் தொலைபேசியைப் பிடித்திருந்தேன். மெழுகு ஒட்டிய வலக்கை, எப்போது போனதென்று தெரியவில்லை, முதுகுக்குப் பின்னால் இருந்தது.