ஐ.சி.யூ. வாசலில் ஆபேல்

"நோயாளி உறவு அலுவலர். மென்மையாகப் பேசுபவர். உறவினர்களின் துயரைப் பொறுமையாகக் கேட்பவர். எந்தச் சூழலிலும் உடல் தொடுதலைத் தவிர்ப்பவர்."

பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையின் செயலியில், ஆபேலின் படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கும். படத்தில் கழுத்து தெரியாது. தோள் முடிந்ததும் தலை தொடங்கிவிடும். அஸ்தினாபுரத்துக்காரன். முதலில் கபடி, பிறகு ஒரு மதுக்கூடத்தில் பவுன்சர். அவனும் பேசுவான், ஆனால் வலது கை பேசி முடித்த பிறகு. அடிப்பது அவனுக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைப் பை ஏந்துவதும் பிடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்ததில்லை.

செயலி வந்ததும் அந்த மருத்துவமனை ஐ.சி.யூ.வில் பார்வை நேரத்தை எடுத்துவிட்டது. நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் குடும்பத்தின் கைபேசியிலேயே ஓடும்போது, நேரில் வந்து பார்க்க என்ன இருக்கிறது? கதவுக்குக் கைரேகைப் பூட்டு. பூட்டுக்கு முன்னால் ஆபேல்.

கானாத்தூர்ப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து பூவராகனைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். சிறுநீரகம் கெட்டு, வாயில் குழாயோடு கிடந்தார். மனைவி அங்காளம்மா கீழே வரவேற்புக்கூடத்தில் காத்திருந்தாள். செயலி இருந்தது குப்பத்தில், பூவராகனின் தம்பி விக்கியின் போனில். அவன் எண்களைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டே இருந்தான். குப்பமே அதை மீன்விலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை மதியம், டயாலிசிஸ் மெஷினை மாட்டுவதற்காக நர்ஸ் ஜெரூஷா அவர் விரல் கிளிப்பையும் நெஞ்சு ஒயர்களையும் கழற்றினாள். செயலியில் நாடித்துடிப்பு பூஜ்யம் ஆனது.

சிறிது நேரத்தில் ஒயர்களை மாட்டினாள், எண் திரும்பி வந்தது. அதைப் பார்க்கத்தான் குப்பத்தில் யாருக்கும் பொழுதில்லை. பூவராகன்மேல் பாசம் அதிகம் என்பதால் வேலை வேகமாக நடந்தது. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடித்தாயிற்று. மேளத்துக்குச் சொல்லியாயிற்று. இருட்டுவதற்குள் எடுக்கவேண்டும். பாக்கி இருந்தது பிணம் மட்டும். அதை வாங்க இரண்டு வேன்களில் வந்தார்கள்.

"சார், அவர் உயிரோட இருக்கார்" என்றார், வரவேற்புக்கூடத்துக்கு இறங்கி வந்த டாக்டர் கேஷவ்.

"அப்போ இது இன்னாது?" விக்கி போனை அவர் மூக்கில் இடித்தான். "உங்க ஆப்புதானே ஜீரோன்னு காட்டிச்சி? செத்தவர வெச்சிகினு வைத்தியம் பாக்கறியா?"

"அது சென்சார்..." என்று தொடங்கினார் கேஷவ். கூட்டத்தில் எவனோ வீசிய ஹெல்மெட் அவர் வாயில் இறங்கியது. பற்களும் ரத்தமும் சட்டையில் விழுந்தன. கூட்டம் வரவேற்பு மேஜையைக் கவிழ்த்தது, கம்ப்யூட்டரை மிதித்து நொறுக்கியது, டோக்கன் மெஷினைக் கண்ணாடியோடு சேர்த்துத் தெருவில் தள்ளியது. மாடியிலிருந்து ஜெரூஷா விக்கியின் போனுக்கு வீடியோ காலில் வந்து, பூவராகனின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் காட்டினாள்.

"பழைய வீடியோ! யாருக்குக் காது குத்துற?" என்றான் விக்கி. எண்ணைப் பார்த்ததுமே நம்பியவர்கள் ஆளைக் காட்டியும் நம்பவில்லை.

போலீஸ் வேன் பல்லாவரம் சந்தைக் கூட்டத்தில் சிக்கி நின்றது. இவர்கள் மாடியேறினார்கள்.

"ஆபேல் அண்ணா, யாரையும் விட்றாதீங்க!" கதவுக்கு உள்ளேயிருந்து ஜெரூஷா கத்தினாள். "அவர் ரத்தம் மெஷின்ல ஓடிட்டிருக்கு. எவனாவது குழாயை இழுத்தா போயிடுவார்!"

ஆபேல் முதலில் வந்தவனைப் படியில் உருட்டினான். அடுத்தவன் எறிந்த இரும்பு நாற்காலி ஆபேலின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் ஒரு கண்ணை மூடியது. மற்றக் கண்ணால் விக்கியைத் தேடிப் பிடித்து மூக்கை உடைத்தான். நிதானமாக, ருசித்து உடைத்தான் என்றே சொல்லவேண்டும்.

அடிதடிக்கு நடுவே புகுந்து அங்காளம்மா வந்து நின்றாள்.

"தள்ளு. எனக்கு போனும் வாணாம், வீடியோவும் வாணாம். என் கையால தொட்டுப் பாக்கணும்."

"ரூல்ஸ் இல்லக்கா."

"உன் பொண்டாட்டி உள்ள கெடந்தா ரூல்ஸ் பேசிகினு நிப்பியா நீ?"

ஆபேல் ரத்தக் கையைச் சட்டையில் துடைத்துப் பூட்டில் விரலை வைத்தான். திறக்கவில்லை. மறுபடி வைத்தான். உள்ளே ஜெரூஷா பொத்தானை அழுத்தினாள். அதுவும் வேலை செய்யவில்லை. பூட்டு கீழே இருந்த கம்ப்யூட்டர் சொன்னால்தான் திறக்கும்.

"நல்லா ஒடச்சீங்கடா டேய்!" என்று ஆபேல் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "கதவோட சாவியே அந்தப் பெட்டிதான்."

பிறகு கதவை உதைத்தான். பின்னாலிருந்து முதுகில் விழுந்த அடிகளை வாங்கிக்கொண்டே உதைத்தான். சட்டம் பிளந்தது. அங்காளம்மாவின் தோளைப் பிடித்து இடைவெளி வழியே உள்ளே தள்ளிவிட்டு, திரும்பி நின்று அந்த இடைவெளியைத் தன் உடம்பால் அடைத்தான். நெருங்கியவர்களுக்கெல்லாம் கிடைத்தது. ஒருவனுடைய மணிக்கட்டு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

உள்ளேயிருந்து அங்காளம்மாவின் குரல் வந்தது. "சூடா கீதுடா! உங்கண்ணன் ஒடம்பு சூடா கீது! எவன்டா பேனரு அடிச்சது? கிழிங்கடா!"

"மெய்யாலுமா அண்ணி?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தான் விக்கி.

மருத்துவமனை ஆபேலை வேலையை விட்டு நீக்கியது. சொத்துக்குச் சேதம் விளைவித்தார், அங்கீகாரமற்ற நபரை அனுமதித்தார் என்று காரணம் சொன்னது. போலீஸ் அவனையும் கலவரக்காரர்களோடு சேர்த்துக்கொண்டது. செயலியில் அவன் இன்னும் மென்மையாகப் பேசுபவர்தான்.

ஆபேல் கதவை உடைத்தான், அங்காளம்மாவை மட்டும் உள்ளே விட்டான், மற்றவர்களை அடித்தான்.