கடிவாயைக் கழுவிய டோபி வீராசாமி

மலாக்காவின் காஜா பேராங்கில் இருந்த நாங்கள் வீராசாமி அவர்களுக்குச் செய்தது அநியாயம். ஓர் உயிரைக் காக்கப் போனவரை, அந்த உயிரைக் கொன்றவர் என்று சொன்னோம். அவர் சாகும்வரை நாங்கள் அதைத் திருத்தவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை, புக்கிட் பாருவில் என் வீட்டுக்கு வந்து செய்தி சொன்னவர் எங்கள் பழைய அண்டை வீட்டுக்காரர். "அதாண்ணே, முருகையாவுக்குத் தண்ணி ஊத்துனாரே, அந்த டோபி போயிட்டாரு" என்றார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஊர் அவருக்கு வைத்திருந்த அடையாளம் அதுதான். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஜப்பான் சண்டைக்கு முன் அவர் ஆஸ்பத்திரித் துணி வெளுத்தவர். நாய்க்கடியோடு வருகிறவர்களின் கடிவாயை அங்கே முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு ஊசி போடுவதைப் பார்த்திருந்தார். ஜப்பான்காரன் வந்ததும் ஊசி மருந்து கிடைக்காமல் போயிற்று. சோப்பும் அரிதாயிற்று. ஜப்பானிய அதிகாரிகளின் உடுப்பை வெளுக்க அவருக்கு மட்டும் கொடுத்தார்கள். வேறு எதற்காவது எடுத்தால் அறை விழும்.

மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்த என்னையும் என் கூட்டாளி முருகையாவையும் ஒரே காலையில் ஒரே வெறிநாய் கடித்தது. எனக்குக் கெண்டைக்காலில், அவனுக்குக் கையில். வெறிநாய் கடித்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வரும், ஆகவே கடிவாயில் தண்ணீரே படக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. முருகையாவின் அண்ணன் அவன் கையில் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார். என்னை வீராசாமி அவர்கள் கிணற்றடிக்கு இழுத்துப் போனார்.

"எரியுதுண்ணே, போதும்."

"நாலு சட்டை தோய்க்கிற நேரம் கழுவணும்டா. இப்பத்தான் ஒரு சட்டை முடிஞ்சிருக்கு."

"ஜப்பான்காரன் சோப்பு எங்கன்னு கேட்டா?"

"உன் காலைக் காட்டுறேன். அவனுக்கு மூட்டை ஏத்தப் போற கால்தானே."

அங்கிருந்து முருகையா வீட்டுக்கும் போனார். வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள், அண்ணன் வெளியே போன சமயம் பார்த்து உள்ளே நுழைந்து, கட்டை அவிழ்த்துக் கழுவினார்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து முருகையாவுக்குத் தொண்டை இறுகியது. குவளையைக் கண்டாலே உடம்பு தூக்கிப் போட்டது. காற்றுப் பட்டாலும் அப்படியே. இரண்டாம் நாள் இறந்தான்.

அவன் அண்ணன் வந்து, வீராசாமி அவர்களின் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தார். "தண்ணிய ஊத்திக் கொன்னுட்டியே, பாவி."

"மொத நாளே விட்டிருந்தா கழுவியிருப்பேனே" என்றார் இவர். அந்த வாரத்திலிருந்து நம்மவர் ஒருவரும் அவரிடம் துணி போடவில்லை.

அதே நாய் கடித்த நான் உயிரோடு இருந்தேன். வெளியே போய் என் காலைக் காட்டியிருக்கலாம். அடுத்தது நான்தான் என்ற பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். அவரோ பெட்டியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரோடு என்னிடம் வந்தார்.

"குடிடா, பார்ப்போம்."

குடித்தேன்.

"இன்னைக்கு நீ சாகல. போயி வண்டியப் பூட்டு."

ஆறு மாதம், ஒவ்வொரு காலையும் அந்தக் குவளையோடு வந்தார்.

பிற்பாடு நான் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தேன். "ஒனக்கு ஆயுசு கெட்டிப்பா" என்று சிரித்தார்கள். நான் பள்ளிக்கூடம் போனவனல்ல. எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டு தேடித்தேடிப் படித்ததில், அவர் செய்ததே சரி என்று தெரிந்துகொண்டேன். நான் பிழைத்தது சோப்பினாலா, பல் ஆழமாக இறங்காததாலா என்று எனக்குத் தெரியாது. முருகையா செத்தது தண்ணீரால் அல்ல. அது தெரியும்.

அண்ணே, தாமதமாகத்தான் பேசுகிறேன். அமைதியாகப் போய் வாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முருகையாவின் அண்ணன் பிள்ளைகள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, வீராசாமி அவர்களின் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தப் பழியைச் சொல்லி, அவர் வெளுத்த திருவிழாத் துணியைத் திருப்பி அனுப்பிய கோயில் நிர்வாகத்தார், அவர் பெயருக்கு ஒரு மோட்ச தீபம் ஏற்ற வேண்டும். பிள்ளை பெற்றவர்கள், நாய் கடித்தால் நாலு சட்டை தோய்க்கிற நேரம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஊசிக்குக் கொண்டு போக வேண்டும். நான், அன்று கதவைத் திறக்காதவன், எல்லாரும் பார்க்க அவர் படத்தின் முன் நின்று ஒரு குவளைத் தண்ணீர் குடிக்க வேண்டும்.