ஏறாத கார்

கணவரின் காரியம் முடிந்த மறுவாரம், அவருடைய காரை ஓட்டிக்கொண்டு ஏற்காடு மலைமேல் இருக்கும் மஞ்சக்குட்டை வீட்டுக்குப் புறப்பட்டேன். 1995 கடைசியில் அவர் ஆசைப்பட்டுச் சென்னையில் வாங்கிய புது கார் அது. மலைப்பாதையில் ஏற ஏற இழுவை குறைந்தது. ஏற்காடு பஜாரை எட்டியபோது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் நடைவேகம்தான்.

ஒர்க்‌ஷாப் மெக்கானிக் காருக்கு அடியில் படுத்து, புகைக்குழாயின் நடுவே இருந்த டப்பாவைத் தட்டினார். உள்ளே ஏதோ கலகலத்தது. குழாயைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் தாராளமாக உறுமியது.

“புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டருங்க இது. உள்ளாற நொறுங்கி அடைச்சுக்கிச்சு. ஈயம் கலந்த பெட்ரோல் போட்டீங்களா?”

“எப்பவும் அவர்தான் போடுவாருங்க.”

“ஈயம் இல்லாததுதான் போடோணும்னு அவருகிட்டச் சொல்லிருங்க.”

“சொல்றேங்க” என்றேன். என் குரல் சாதாரணமாகவே இருந்தது.

சேலத்தில் சொல்லிவைத்ததில் புது கன்வெர்ட்டர் வந்தது. மெக்கானிக் அதை மாட்டி, இரண்டு பக்கமும் போல்ட்டை முடுக்கி, சாவியைக் கொடுத்தார். மஞ்சக்குட்டை போகும் வழியில் இருந்த மேடுகளில் கார் சிரமமில்லாமல் ஏறியது. நன்றாக இழுக்கிறது என்று நினைத்தேன். வேறெதுவும் தோன்றவில்லை.